துவைத்து அனுப்பிய கூடாரம்

மேல் முகாம்
ஜூன் 9

குட்டியின் அப்பாவுக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். ‘நலமாக’ என்று கை தானாக எழுதிவிட்டது. வந்து சேர்ந்தேன், அவ்வளவுதான் உண்மை. வண்டி அடிவாரத்தில் இறக்கிவிட்டபோது நல்ல வெயில். அதற்கு மேல் நடைதான். விடுமுறைக்குப் பிறகு முதல் ஏற்றத்தில் கால் சொன்னபடி கேட்காது என்பது தெரிந்ததுதான். குட்டி டாட்டா காட்டினாளே, அது வண்டிக்கா எனக்கா என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டே ஏறினேன்.

அடிவாரத்தில் போன் கிடைத்தது. வேண்டுமென்றேதான் அடிக்கவில்லை. நாம் போனில் பேசினால் பாதி காற்றில் போகிறது, மிச்சப் பாதி சண்டையில் போகிறது. எழுதினால் ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பாய முடியாது. சாமான் வண்டிக்காரர் இந்தப் பருவமும் கடிதம் கொண்டுபோய்க் கொண்டுவர ஒத்துக்கொண்டார். “உங்க வீட்டுக்காரர் எழுத்து மருந்துச் சீட்டு மாதிரி இருக்குங்க” என்றார். கவர் மேல் உள்ள விலாசத்தைத்தான் சொன்னார் என்று நம்புகிறேன்.

பெரிய சார் கூட்டம் போட்டார். நீர்வள வாரியம் முடிவு செய்துவிட்டதாம். இந்த மழைக்காலம் முடியும்போது, அவரவர் பகுதியில் மிச்சமுள்ள நீரூற்றுகளை எல்லாம் அளந்து முடித்தவர்களுக்கு ஊரில் அலுவலக வேலை. நிரந்தரம். நடுவில் இறங்கினால் அடுத்த பருவம் மறுபடி முதலிலிருந்து. எல்லாரையும் பார்த்துவிட்டு என்னிடம் வந்து நின்றார். “முடிச்சிடுவீங்கதானேம்மா? வீட்ல சின்னப் பிள்ளை இருக்கேன்னு கேட்டேன்.” முடித்துவிடுவேன் என்றேன். வீட்டில் சின்னப் பிள்ளை இருப்பதால்தான் முடிக்க வேண்டும் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

கூடாரப் பையைத் திறந்ததும் அப்படியே உங்கள் ஆஸ்பத்திரி வாசனை. துணி பளிச்சென்று இருக்கிறது. எனக்குத் தெரியாமல் துவைத்து வைத்திருக்கிறீர்கள். இரண்டு பருவமாகச் சேர்ந்த மண், புகை, பாசி எதுவும் இல்லை. நடைக்கம்பு இரண்டையும் தூணாக நிறுத்தி, கயிறுகளை இழுத்துக் கட்டிவிட்டு வெளியே நின்று பார்த்தேன். யார் வீட்டு வாசலிலோ நிற்பது போல இருந்தது.

ஒன்று கேட்க வேண்டும். மெஷினிலா போட்டீர்கள்? சும்மாதான் கேட்கிறேன்.

குட்டியின் சளிக்கு ராத்திரி மருந்து மறக்காதீர்கள். உங்கள் அக்காவிடம் கோபமில்லை என்று சொல்லுங்கள்.

— நான்


வீடு
ஜூன் 21

மலை மேடத்துக்கு,

ஆமாம், மெஷினில்தான் போட்டேன். பின்னே என்ன, வாளியில் முக்கிக் கசக்குவேன் என்று நினைத்தாயா? ஒரு ஆஸ்பத்திரியின் அழுக்கு முழுவதையும் தினம் வெளுத்து அனுப்புகிறவன் நான். என் பெண்டாட்டி பாசி பிடித்த துணிக்குள் படுத்துக் கிடந்தால் என் மானம் என்னாவது?

கேள். ஆபரேஷன் தியேட்டர் துணிகளோடு சேர்த்துப் போட்டேன். அதே சூடு, அதே சோப்பு. முதல் தண்ணீர் டீ நிறத்தில் போயிற்று. நானே பயந்துபோனேன், இதையா இவள் மூக்குக்கு மேலே விரித்துக்கொண்டு தூங்கினாள் என்று. இரண்டு முறை அலசி, காயவைக்கும் டிரம்மில் போட்டு, சுடச்சுட எடுத்து மடித்தேன். மடிப்பைக் கவனித்தாயா? தியேட்டர் மடிப்பு. டாக்டர்களுக்கு மட்டும்தான் அப்படி மடிப்போம். நீ அதைக் கவனிக்கவில்லை, “மெஷினிலா” என்று மட்டும் கேட்கிறாய். நன்றி என்று ஒரு வார்த்தை வரும் என்று தேடினேன். அடுத்த பக்கத்திலும் இல்லை. அடுத்த பக்கமே இல்லை.

சரி, மனதில் உள்ளதையும் எழுதிவிடுகிறேன். வந்த ஐந்து நாளும் நீ கட்டிலில் படுக்கவில்லை. ஜன்னல் ஓரம், தரையில். கேட்டால் “மூச்சு முட்டுது” என்றாய். சாப்பிட்ட தட்டை உடனே கழுவிக் கவிழ்த்தாய், விருந்துக்கு வந்தவள் மாதிரி. அக்கா என்னிடம் கேட்டாள்: “ஏன்டா, உன் பொண்டாட்டி உன்னைக் கட்டிக்கிட்டாளா, அந்த டென்ட்டைக் கட்டிக்கிட்டாளா?” நான் சிரித்தேன். சிரிப்பு வரவில்லை, சிரித்தேன்.

குட்டி விஷயமும் அப்படித்தான். நாலு நாள் உன் பக்கமே வராத பிள்ளை, நீ அந்த டென்ட்டை ஹாலில் கட்டியதும் உள்ளே புகுந்து உன் வயிற்றின் மேல் தூங்கிப்போனாள். மேசைக்காலிலும் பீரோ கைப்பிடியிலும் கயிறு கட்டியிருந்தாயே, இப்போதும் அந்த இடத்தில் போய் நின்று பார்க்கிறாள். “அம்மா எங்கடா?” என்று கேட்டால் “கூடா” என்கிறாள். அவளுக்கு நீயும் அதுவும் ஒன்றுதான்.

சளி விட்டுவிட்டது. மருந்து கொடுத்தது நான். அதையும் எழுதிக்கொள்.

— உன் ஆள்


மேல் முகாம்
ஜூலை 2

குட்டியின் அப்பாவுக்கு,

நன்றி. துவைத்ததற்கு.

மடிப்பைக் கவனித்தேன். இதை மடிக்கக் கூடாது. அள்ளிப் பைக்குள் திணிக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு மாதிரி. ஒரே இடத்தில் மடிந்தால் அந்தக் கோட்டில் துணி சீக்கிரம் போய்விடும். உங்களுக்கு எப்படித் தெரியும்? என்னைக் கேட்டிருக்கலாம்.

மழை தொடங்கிவிட்டது. எனக்கு ஒரு டியூப் தையல் பசை வேண்டும். மழைக்கோட்டு, கூடாரம் இதற்கெல்லாம் தையல் மேல் பூசுவது. ஹார்டுவேர் கடையில் கேட்டால் கொடுப்பார்கள். ஒரு சின்ன பிரஷ்ஷும். அவசரம் இல்லை, ஆனால் அடுத்த வண்டியிலேயே அனுப்புங்கள். மூன்றாவது பருவம் இல்லையா, சின்னச் சின்னப் பராமரிப்பு இருந்துகொண்டே இருக்கும். படுக்கைப் பை கொஞ்சம் ஈரமாக இருக்கிறது. அது உள்ளே விடுகிற மூச்சுதான். இவ்வளவு மெல்லிய துணியில் மூச்சு போக வழியில்லாமல் நீராகி, விடியும்போது முகத்தில் சொட்டும். எல்லாருக்கும் நடப்பதுதான். மத்தியானம் எங்காவது உட்காரும்போது பாறை மேல் விரித்தால் காய்ந்துவிடும். வெயில் வந்தால்.

தரைத்துணி வழுக்குகிறது. சரிவில் கட்டினால் காலையில் கால் கூடாரத்துக்கு வெளியே இருக்கிறது. இதெல்லாம் புதிதில்லை. ஏன் எழுதுகிறேன் என்றால் வேறு எழுத வரவில்லை.

கட்டிலில் படுக்காததற்குக் காரணம் நீங்கள் இல்லை.

கொஞ்சம் இருமல். பயப்படும்படி இல்லை. குட்டி ‘கூடா’ என்று சொல்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தை மறுபடி மறுபடி படித்தேன். அவள் எப்படிச் சொல்கிறாள்? ‘கூ’வை இழுத்தா?

— நான்


வீடு
ஜூலை 15

மேடம்,

இந்தக் கடிதத்தை இரண்டு தடவை தொடங்கிக் கிழித்துவிட்டேன். இதையும் கிழிப்பதற்குள் எழுதி முடிக்கிறேன்.

பசை வாங்கினேன். கடைக்காரர் எந்தத் துணிக்கு என்று கேட்டார். டென்ட்டுக்கு என்றேன். “பூச்சு உள்பக்கமா வெளிப்பக்கமா?” என்றார். எனக்குப் பொசுக்கென்றாகிவிட்டது. பூச்சு என்ற சொல் காதில் விழுந்ததும்தான்.

எங்கள் பிரிவில் மெத்தை உறை வரும். ஒரு பக்கம் துணி, மறுபக்கம் தண்ணீர் இறங்காத பூச்சு. அதை ஒருபோதும் தியேட்டர் சூட்டில் போட மாட்டோம். போட்டால் பூச்சு உரிந்துவிடும். இது அங்கே நேற்றுச் சேர்ந்தவருக்கும் தெரியும். சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்ததே நான்தான்.

உன் கூடாரத்தைக் காயவைத்த மறுநாள், டிரம்மின் வடிகட்டியில் கண்ணாடி மாதிரி மெல்லிய செதில்கள் அப்பியிருந்தன. ராத்திரி ஷிப்ட்காரர்தான் மெத்தை உறையைச் சூட்டில் போட்டுவிட்டார் என்று அவரை எல்லார் முன்னாலும் பிடித்துக் கத்தினேன். “சத்தியமா நான் இல்ல சார்” என்றார். “பின்னே யாரு, பேயா?” என்றேன்.

பேய் நான்தான்.

எனக்கு ஏன் தோன்றவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். அது எனக்குத் துணியாகவே தெரியவில்லை. எதிராளி மாதிரித்தான் தெரிந்தது. என் வீட்டில் இருக்க வேண்டியவளைக் கொண்டுபோய் வைத்திருக்கிற ஒன்று. அதை ஒரு கை பார்த்து வெளுத்து அனுப்ப வேண்டும் என்று மட்டும்தான் இருந்தது. அதன் மேல் அன்பும் இல்லை, ஆத்திரமும் இல்லை. இரண்டும் உன் மேல்தான். இரண்டையும் சேர்த்து மெஷினில் போட்டுவிட்டேன்.

சுற்றி வளைக்காமல் சொல். ஒழுகுகிறதா?

ஒழுகினால் இறங்கி வந்துவிடு. நிரந்தரமும் வேண்டாம், தற்காலிகமும் வேண்டாம். என் சம்பளத்தில் அரிசி வேகும். இருமல் என்று ஒரே வரியில் எழுதிவிட்டு ‘கூ’வை எப்படி இழுக்கிறாள் என்று கேட்கிறாயே, உன்னை என்ன செய்வது?

இழுத்துத்தான் சொல்கிறாள். ‘கூ’ பெரிசு, ‘டா’ சின்னது.

— உன் ஆள்


மேல் முகாம்
ஜூலை 27

குட்டியின் அப்பாவுக்கு,

ஒழுகுகிறது.

பெரிய மழை வந்து ஒழுகினால்கூடப் பரவாயில்லை, தூறலுக்கே ஒழுகுகிறது. ஒரு இடத்தில் சொட்டினால் தட்டு வைக்கலாம். துணி முழுக்க வியர்க்கிறது. தையல்களின் மேல் ஒட்டியிருந்த பட்டை சுருண்டு தொங்குகிறது. உள்பக்கப் பூச்சு வெயிலில் பொசுங்கிய தோல் மாதிரி உரிந்து, படுக்கைப் பை மேலும் தலைமுடியிலும் செதில் செதிலாக. நீங்கள் வடிகட்டியில் பார்த்தது முதல் தவணை. பசை வந்தது. பூசினேன். உரிந்த இடத்தில் அது பிடிக்கவில்லை. காய்ந்ததும் விரலோடு வந்துவிட்டது.

ஊற்று அளவுகள் எழுதிய நோட்டைச் சமையல் பானைக்குள் வைத்து மூடி, மூடியின் மேல் கல் வைத்துவிடுவேன். நான் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு படுக்கிறேன். கூடாரத்துக்குள் மழைக்கோட்டு! நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் சிரித்திருப்போம். நனைந்தால் துணி தொய்ந்துவிடும், எழுந்து போய்க் கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டும், மறுபடி தொய்யும். பகலில் ஊற்றடியில் வாளியை வைத்துக் கடிகாரத்தைப் பார்க்கும்போது கண் சொருகுகிறது. ஒரு அளவை அப்படித் தவறவிட்டு, மறுநாள் அதே சரிவில் திரும்ப ஏறினேன்.

பெரிய சாரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சாமானை வெளியாள் கையில் கொடுக்க மாட்டேன் என்று வாங்கும்போதே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எப்படிப் போயிற்று என்று கேட்டால் என்ன சொல்வது? ‘அலட்சியம்’ என்று பதிவில் ஏறினால், நிரந்தர வேலை என்று சொல்கிற நேரத்தில் அந்த ஒரு சொல் போதும்.

இறங்கி வா என்கிறீர்கள். இறங்கினால் அவள் தவழ்ந்ததை, நடந்ததை, பேசியதை எல்லாம் நான் பார்க்காமல் விட்டதற்கு அர்த்தம் என்ன? அத்தனையும் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்து நிற்கவா? உங்கள் சம்பளத்தில் அரிசி வேகும். எனக்குத் தெரியும். நான் அரிசிக்காக மட்டும் போகவில்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

ஒழுகுவதற்காக எனக்குக் கோபம் இல்லை. நிஜமாகவே இல்லை. அன்றைக்கு அவள் அதற்குள் தூங்கினாளே, துணியிலேயே மூக்கைத் துடைத்திருந்தாள், வாய் ஓரம் வழிந்த பால் அதன் மேல் காய்ந்திருந்தது. அப்படியே சுருட்டி எடுத்துக்கொண்டு போகலாம் என்று வைத்திருந்தேன். மேலே வந்து, பையைத் திறந்து, தலையை உள்ளே விட்டால் சோப்பு வாசனை. ஏன் கேட்கவில்லை நீ? ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன?

நீ என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தத் தெம்பில்லை. இருக்கட்டும்.

— நான்


வீடு
ஆகஸ்ட் 6

நீ என்றே எழுது. நன்றாகத்தான் இருக்கிறது.

உன் கடிதத்தைப் படித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அடிவாரம் வரை பஸ், அங்கே உன் பெரிய சாரைப் பிடித்து, “துவைச்சது நான், கெடுத்தது நான், எழுதிக்கோங்க, புதுசு கொடுங்க” என்று கேட்பது. பை கட்டி வாசல் வரை போயாயிற்று. அக்கா குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு குறுக்கே நின்றாள்.

“எங்கடா?”

சொன்னேன்.

“அவகிட்ட கேட்டியா?”

“இதுல கேக்க என்னக்கா இருக்கு?”

“துவைக்கும்போதும் இதையேதானே சொல்லியிருப்ப. அவ வேலை, அவ சாரு. நீ போய்க் கத்தினா அந்த ஆளு இவளை என்ன நினைப்பான்? முதல்ல கேளு. கேக்காம செஞ்சு கிழிச்சது போதும்.”

உன்னைப் பற்றி அத்தனை குத்தல் பேசியவள்! நான் பையை இறக்கி வைத்துவிட்டேன். குட்டி அதற்குள் கையை விட்டு என் சோப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆகவே கேட்கிறேன். பெரிய சாருக்கு ஒரு கடிதம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். உனக்குத் தெரியாமல் நான்தான் எடுத்தேன், எந்தச் சூட்டில் துவைத்தேன், பூச்சு ஏன் போயிற்று என்று எல்லாம். சலவைப் பிரிவு மேற்பார்வையாளர் என்று கீழே பதவியும் போட்டிருக்கிறேன். இதைவிட எனக்கு வெட்கக்கேடு வேறில்லை. கவரை ஒட்டவில்லை. நீ படி. கொடுக்க வேண்டும் என்றால் கொடு. வேண்டாம் என்றால் அடுப்பில் போடு. சொல்லை மாற்ற வேண்டும் என்றால் எழுது, மாற்றி அனுப்புகிறேன். இறங்கி வா என்று இனி சொல்ல மாட்டேன். ஆசை இருக்கிறது, சொல்ல மாட்டேன்.

ராத்திரி ஷிப்ட்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். “விடுங்க சார், வீட்டு விஷயமா?” என்றார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை.

அந்தப் பால் கறை விஷயம். அந்த வரியைப் படித்த பிறகுதான் சட்டையை மாட்டினேன்.

— உன் ஆள்


நடு முகாம்
ஆகஸ்ட் 24

குட்டியின் அப்பாவுக்கு,

விலாசம் மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். (நீங்கள் என்றே வருகிறது. கோபம் வந்தால் பார்க்கலாம்.)

கடிதத்தை நாலு நாள் பானைக்குள் வைத்திருந்தேன். பிறகு ஒரு நாள் விடியலில் எழுந்திருக்கும்போது எதிலிருந்து எழுந்தேன் என்றே தெரியவில்லை, உடம்பு அவ்வளவு ஊறியிருந்தது. அன்றே இறங்கி அடிவாரம் போய்ப் பெரிய சாரிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டுப் படித்தார்.

“வீட்டுக்காரர் துவைச்சாரா?”

“ஆமா சார்.”

“தியேட்டர் துணியோட?”

“ஆமா சார்.”

“என் பொண்டாட்டி என் கைக்குட்டையைக்கூட நான் துவைக்க விட மாட்டாம்மா” என்றார். சிரித்துவிடுவார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பதிவேட்டில் எழுத வேண்டியதை எழுதினார். ‘அலட்சியம்’ என்று எழுதவில்லை. ‘குடும்பத்தினரால் சேதம்’ என்று எழுதினார். அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. நிரந்தரத்தைத் தடுக்குமா என்று கேட்டேன். “முடிச்சிட்டு வாங்க, பேசலாம்” என்றார்.

லேசான கூடாரம் கையிருப்பில் இல்லை. அடுத்த பருவத்துக்குத்தான் வருமாம். கொடுத்தது பழைய கான்வாஸ். தூக்கிக்கொண்டு ஊற்று ஊற்றாகப் போக முடியாது. கோவேறு கழுதை இந்த மேடு வரைக்கும்தான் ஏற்றும். ஆகவே இங்கேயே நிலையாகக் கட்டியாயிற்று. இனி தினமும் இங்கிருந்து போய், அளந்து, இங்கேயே திரும்ப வேண்டும். ஒரே ஊற்றுக்கு ஒரு பகல் போய்விடும். செப்டம்பரில் வந்துவிடுவேன் என்று குட்டியிடம் சொல்லியிருந்தேன். வர முடியாது. அக்டோபர் ஆகும். அவளுக்குச் செப்டம்பர் எது அக்டோபர் எது என்று தெரியாது என்பதுதான் ஆறுதல். அதுவே ஆறுதல் இல்லாமலும் இருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். கான்வாஸில் முதல் நாள் படுத்தேன். சலசலப்பு இல்லை. முகத்தில் சொட்டவில்லை. காற்றடித்தால் எங்கோ அடிப்பது போல இருந்தது. வெயில் ஏறிய பிறகுதான் எழுந்தேன். எழுந்ததும் அப்படி ஓர் அழுகை. ஏன் என்று பிறகுதான் புரிந்தது. அந்த மெல்லிய துணிக்குள் இத்தனை நாளும் நான் தூங்கவே இல்லை. கயிறு தளர்கிறதா, கம்பு சாய்கிறதா, துணி எங்கே உரசுகிறது என்று காது கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. வீட்டுக்கு வந்தால் எந்தச் சத்தமும் இல்லை. காவல் காக்க ஒன்றும் இல்லை. அதைத்தான் மூச்சு முட்டுகிறது என்று சொன்னேன் போலிருக்கிறது.

அது எனக்குப் பிடித்திருந்தது என்று நீங்கள் நினைத்தீர்கள். நானும்தான் நினைத்தேன். என் வீடு முழுவதையும் ஒரு கையில் தூக்கிவிடலாம், பிறந்தபோது குட்டி இருந்த எடைகூட இல்லை என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வேன். அந்தப் பெருமையில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

இருமல் குறைந்துவிட்டது. உண்மையாகவே.

— நான்


வீடு
செப்டம்பர் 10

அம்மா தாயே,

குட்டிக்குக் காய்ச்சல் வந்து போயிற்று. வந்தபோது எழுதவில்லை, போன பிறகு எழுதுகிறேன். யாரிடம் கற்றுக்கொண்டேன் என்று உனக்குத் தெரியும். டாக்டர் சாதாரணக் காய்ச்சல் என்றார். அக்காவும் நானும் மாறி மாறி மடியில் வைத்திருந்தோம். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அப்படியே உட்கார்ந்து தூங்கி, கழுத்து பிடித்துக்கொண்டு இப்போது ஒரு பக்கமாகத்தான் பார்க்கிறேன். குட்டி அதற்குச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

இன்னொன்று. சொல்ல வேண்டாம் என்று அக்கா சொன்னாள். இனி மறைப்பதில்லை என்று நாம் எழுதிக்கொள்ளவில்லை, ஆனாலும் அப்படித்தான் ஆகிவிட்டது, அதனால் சொல்கிறேன். கொஞ்ச நாளாக அவள் ‘கூடா’ என்று சொல்வதில்லை. மேசைப் பக்கம் போய் நிற்பதும் இல்லை. உன் போட்டோவைக் காட்டி “யாருடா?” என்று கேட்டேன். பார்த்தாள். நல்ல பிள்ளையாக “அம்மா” என்றாள். அக்கா சொல்லிக்கொடுத்தது. பாடம் ஒப்பிப்பது மாதிரி சொல்லிவிட்டுக் கையில் இருந்த கிண்ணத்தைத் தட்டப் போய்விட்டாள்.

இதைப் படித்துவிட்டு நீ ஓடி வரக்கூடும், அல்லது ஒரேயடியாக உடைந்துபோகக்கூடும். இரண்டும் வேண்டாம். உன்னிடம் சொல்லாமல் வைத்திருக்க என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

கட்டிலை ஜன்னல் ஓரம் தள்ளிப் போடலாமா என்று யோசித்தேன். யோசனை மட்டும்தான். தள்ளவில்லை. நீ சொன்னால் தள்ளுகிறேன். தரையில்தான் படுப்பேன் என்றாலும் சரி, நானும் பாயை அங்கே போட்டுக்கொள்கிறேன், கழுத்து சரியான பிறகு.

— உன் ஆள்


நடு முகாம்
அக்டோபர் 5

குட்டியின் அப்பாவுக்கு,

முடிந்தது.

கடைசி ஊற்றுக்கு முந்தாநாள் போனேன். மேற்குச் சரிவின் கோடி, போக மட்டுமே அரை நாள். வழியெல்லாம் ஈரம், அட்டை, பாசி. போய்ப் பார்த்தால் ஊற்று வறண்டு கிடக்கிறது. இத்தனை மழைக்குப் பிறகும் பாறை இடுக்கில் ஈரம் மட்டும்தான். எங்கேயோ மண் சரிந்து தண்ணீர் வேறு வழி பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். வாளியை வைத்துவிட்டு முறைப்படி காத்திருந்தேன். ஒன்றும் விழவில்லை. ‘ஓட்டம் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு எழுந்திருக்க முடியவில்லை. பையைத் தலைக்கு வைத்து அந்தப் பாறையிலேயே கொஞ்ச நேரம் படுத்திருந்தேன்.

நேற்று அடிவாரம் இறங்கினேன், பெரிய சார் நோட்டுகளை வாங்கிக்கொண்டார். ஊர் அலுவலகத்துக்கு உத்தரவு போட்டிருக்கிறார். அந்தப் பதிவு இருப்பதால் ஆறு மாதம் பார்ப்பார்களாம், அதன் பிறகுதான் நிரந்தரம். சண்டை போட்டிருக்கலாம். “சரி சார்” என்றேன். ஆறு மாதமும் வீட்டிலிருந்து போய் வீட்டுக்கு வரலாம், அது போதும் என்று தோன்றியது. மெல்லிய கூடாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கிடங்குக்காரர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இவ்வளவு சுத்தமா யாரும் கொடுத்ததில்லம்மா” என்றார்.

குட்டி கூடா என்று சொல்வதில்லை என்ற வரியைப் படித்தபோது நீங்கள் பயந்த மாதிரி ஓடி வரவில்லை, உடையவும் இல்லை. மறுநாள் ஊற்றுக்குப் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். கல் நெஞ்சா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். கல் எல்லாம் இல்லை, வெறும் களைப்புதான். அவள் என்னை மறந்திருந்தால் மறந்திருக்கட்டும். நான் புதிதாக வந்து சேர்ந்தவளாகவே வீட்டுக்குள் வருகிறேன். அக்கா சொல்லிக்கொடுக்க வேண்டாம். போட்டோவையும் காட்ட வேண்டாம். “வா, போ” என்று என்னிடம் அவளே பேசிப் பழகட்டும்.

கட்டிலைப் பற்றிக் கேட்டீர்கள். எனக்கே தெரியவில்லை. வந்து படுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆனால் கேட்டீர்களே, அது நல்லா இருந்தது.

வெள்ளிக்கிழமை வண்டியில் வருகிறேன். வந்ததும் எதுவும் கேட்காதீர்கள். முதலில் தூங்க வேண்டும், எங்கேயாவது, எத்தனை நேரமோ. ஆஸ்பத்திரிக்கு நீங்கள் போய்விட்டால் அக்காவிடம் சொல்லிவிட்டுப் போங்கள்: குட்டி என் பக்கத்தில் வந்தால் என்னை எழுப்பச் சொல்லுங்கள். வராவிட்டாலும் எழுப்பச் சொல்லுங்கள்.

— நான்